டர்பனில் ஆறு மாதம்: பெற்றோரை அழைக்க எந்த விசா சரி?

மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, ஊர்ல வெயில் ஆரம்பிச்சாச்சு. அப்பா அம்மாவை ஒரு ஆறு மாசம் இங்கே கூட்டிட்டு வந்து வச்சுக்கணும். எந்த விசா போடறது?" தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் கேட்பது இது. கேள்வி நியாயமானது, மாதம்தான் பிந்திவிட்டது. தையிலேயே கேட்டிருந்தால் சித்திரையில் அவர்கள் இங்கே வந்து இறங்கியிருப்பார்கள்.

நான் டர்பனுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவையும் அம்மாவையும் ஐந்து முறை வரவழைத்திருக்கிறேன். முதல் முறை தவறான விசாவில் வந்தார்கள். அதற்கு நாங்கள் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன். இனி வருபவர்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

விசாவைப் பற்றி யோசிக்கும் முன் எந்த மாதங்களில் வருகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். இங்கே பருவம் தலைகீழ். சென்னையில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது டர்பனில் இதமான குளிர்காலம் தொடங்கும். மழை குறைவு, பகலில் நல்ல வெயில், இரவில் ஒரு ஸ்வெட்டர் போதும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள்கூட மாலையில் கடற்கரையில் நடந்துவிட்டு வரலாம். ஜோகன்னஸ்பர்க் அப்படியல்ல. அது மேட்டுநிலம். ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், பல வீடுகளில் சூடேற்றும் வசதி இருக்காது. ஜோகன்னஸ்பர்க் பிள்ளைகள் பெற்றோரைச் செப்டம்பருக்குப் பிறகு அழைப்பது நல்லது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டர்பனில் புழுக்கம் அதிகம். தைப்பூசக் காவடியைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டதால் ஒருமுறை ஜனவரியில் அழைத்தோம். காவடி அற்புதம்தான், ஆனால் வியர்வையில் அவர் சோர்ந்துவிட்டார். ஏப்ரலில் வந்தால் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் திருவிழா அல்லது சித்திரா பருவக் காவடி கிடைக்கும். ஆடி வரை இருந்தால் கூழ் ஊற்றுவதையும் பார்த்துவிடலாம். இங்குள்ளவர்கள் அதைப் 'பாரிஜ் பிரேயர்' என்று ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். பானையும் வேப்பிலையும் நம் ஊருடையவையே.

விசா வகையை ஊரிலேயே முடிவு செய்ய வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வருகையாளர் விசாவில் உள்ளே வந்தபின் அதை வேறு வகை விசாவாக இங்கிருந்தே மாற்ற முடியாது. 2014 மே 26 அன்று நடைமுறைக்கு வந்த குடிவரவு விதிகள் அந்த வழியை அடைத்துவிட்டன. உயிர் காக்கும் சிகிச்சை போன்ற மிகச் சில விதிவிலக்குகளே உண்டு. தென்னாப்பிரிக்கக் குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் ஆகியோரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு 2019-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு வழி திறந்துவிட்டது. அது பெற்றோருக்குப் பொருந்தாது.

எங்களுக்கு நேர்ந்தது இதுதான். என் மூத்த மகள் பிறக்கவிருந்த சமயம். விசா வேலை பார்க்கும் ஒரு முகவர், "இப்போது வருகையாளர் விசாவில் வரட்டும். வந்தபின் உறவினர் விசாவாக மாற்றித் தருகிறேன்" என்றார். நம்பிப் பணம் கட்டினோம். விண்ணப்பம் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் காலமும் கடந்துவிட்டிருந்தது. குழந்தைக்கு நாற்பது நாள் ஆனபோது அம்மா விமானம் ஏற வேண்டியதாயிற்று. பச்சை உடம்போடு நான் தனியாக நின்றது மனதைவிட்டு இன்னும் போகவில்லை. அந்த முகவர் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால், முறைப்படி நீட்டிப்புக் கேட்டு அம்மாவை இன்னும் மூன்று மாதம் வைத்திருந்திருப்பேன்.

"உள்ளே வந்துவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விசா என்ன?

பெற்றோருக்கு எந்த விசா கிடைக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது அழைக்கும் பிள்ளை இங்கே எந்த நிலையில் இருக்கிறார் என்பதுதான். பலர் இதைக் கவனிப்பதில்லை. எனவே உங்கள் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் வேலை விசாவில் இருந்தால், அது அரிய திறன் விசாவாகவே இருந்தாலும், உங்கள் பெற்றோருக்கு உறவினர் விசா கிடையாது. 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 18-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: உறவினர் விசா என்பது குடிமகன் அல்லது நிரந்தர வசிப்புரிமை பெற்றவரின் நெருங்கிய குடும்பத்தாருக்கு மட்டும். வேலை விசாக்காரரோடு மனைவியும் சிறு பிள்ளைகளும் வந்து இருக்கலாம், பெற்றோர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு இருப்பது வருகையாளர் விசாதான். 11-ஆம் பிரிவின்படி அதிகபட்சம் 90 நாள். இங்கே இருந்தபடியே ஒருமுறை நீட்டிப்புக் கேட்கலாம், அதிலும் அதிகபட்சம் 90 நாள். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஆறு மாதம். வெயில் காலத்தைக் கழிக்க வருபவர்களுக்கு இதுவே போதும். முறையாகச் செய்தால் இதில் எந்தச் சிக்கலும் இல்லை.

நீங்கள் நிரந்தர வசிப்புரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் உறவினர் விசாவைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். ஒரே தடவையில் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும், புதுப்பிக்கவும் முடியும். அந்தக் காலத்துக்குள் நம் ஊர்க் கோடையில் இங்கே வந்து, மழைக்குத் திரும்பிப் போய், மறுபடி வரலாம். விசா எத்தனை நுழைவுக்குத் தரப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளுங்கள். நிபந்தனை என்னவென்றால், அழைக்கும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் மாதம் 8,500 ரேண்ட் செலவழிக்க முடியும் என்று காட்ட வேண்டும். அம்மா அப்பா இருவர் என்றால் 17,000. சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு, இவற்றோடு பொறுப்பேற்புப் பத்திரம் ஒன்று. இந்த விசாவில் வந்தவர் வேலை செய்யக் கூடாது. அப்பா பொழுதுபோக்காக டியூஷன் எடுத்துக் கட்டணம் வாங்கினாலும் அது வேலைதான். கவனம்.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடர்ந்து ஐந்து ஆண்டு வேலை விசாவில் இருந்தபின் 26-ஆம் பிரிவின் கீழ் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பலர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த விண்ணப்பத்துக்கு நீண்ட காலம் பிடிக்கும். பெற்றோருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. ஆண்டுதோறும் அவர்களை வரவழைக்கும் எண்ணம் இருந்தால் உங்கள் வசிப்புரிமை விண்ணப்பம்தான் முதல் படி. அது கிடைத்தபின் பெற்றோரே 27-ஆம் பிரிவின் கீழ் நிரந்தர வசிப்புரிமை கேட்கவும் வழி உண்டு. தொடர்ந்து மூன்று ஆண்டுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் அந்த உரிமை பறிபோகலாம். பருவத்துக்குப் பருவம் வந்துபோகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அடுத்தது ஓய்வுபெற்றோர் விசா. பெற்றோருக்குச் சொந்த வருமானம் நன்றாக இருந்தால் பிள்ளையின் நிலை என்னவானாலும் இதைக் கேட்கலாம். பிள்ளையே இங்கே இல்லாவிட்டாலும் கேட்கலாம். பருவகாலம் தங்குபவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்ட விசா இது ஒன்றுதான். பருவகாலமாகவோ தொடர்ச்சியாகவோ தங்கலாம் என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவே சொல்கிறது. ஐரோப்பாவின் குளிருக்குத் தப்பிக் கேப் டவுனுக்கு ஆண்டுதோறும் பறந்து வரும் முதியவர்கள் பலர் இதில்தான் வருகிறார்கள். அவர்களை இங்கே 'ஸ்வாலோ' (தகைவிலான்) என்று வலசை வரும் ஒரு பறவையின் பெயரால் அழைப்பார்கள். நான்கு ஆண்டு வரை கிடைக்கும். வயது வரம்பு இல்லை.

தடை பணம்தான். ஆயுள் முழுவதும் வரும் ஓய்வூதியம் அல்லது சொத்துகளிலிருந்து வரும் வருமானம் மாதம் 37,000 ரேண்ட் என்று காட்ட வேண்டும். ஒரு ரேண்டுக்கு ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,85,000 ரூபாய். நம் பெற்றோரில் மிகச் சிலருக்கே ஓய்வூதியம் மட்டும் அந்த அளவுக்கு வரும். ஓய்வூதியத்தோடு வீட்டு வாடகை, வைப்புநிதி வட்டி என்று சேர்த்துக் காட்டலாம். பிள்ளை மாதாமாதம் அனுப்பும் பணத்தை இதில் சேர்க்க முடியாது. அது பெற்றோரின் சொந்த உரிமையில் வரும் வருமானம் அல்ல. கணவனும் மனைவியும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கணக்குத் தணிக்கையாளர் ஒருவரிடம் சான்று வாங்கி வைப்பது உதவும்.

தம்பி தங்கைகள் கேட்பது இன்னொன்று: "நான் சென்னைக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன், அக்கா வீட்டில் ஆறு மாதம் இருந்துகொண்டே பார்க்கலாமா?" 2024-ல் தொலைவேலை விசா வந்துவிட்டது. வெளிநாட்டு நிறுவனத்திடம் ஆண்டுக்கு ஆறரை லட்சம் ரேண்டுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு உரியது. ரூபாயில் முப்பது லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு வருமானம் உண்டு என்றால் ஊரிலிருந்தே விண்ணப்பியுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டித் தங்கினால் இங்குள்ள வரித்துறையில் பதிய வேண்டியிருக்கும்.

பெயர், முதலெழுத்து, உறவுச் சான்று

நம்மவர்களின் விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். பணம் காட்டுவது சுலபம், உறவைக் காட்டுவது கடினம்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரையேறியதிலிருந்து, அடுத்தடுத்து வந்தவர்களின் பெயரும் பட்டமும் பதிவேடுகளில் ஏறி, தலைமுறை தலைமுறையாக அப்படியே நின்றுவிட்டன. கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். பிள்ளை, நாயுடு, படையாட்சி எல்லோரும் இருக்கிறார்கள். தாத்தா முதல் பேரன் வரை ஒரே குடும்பப் பெயர். அதனால் இங்குள்ள அதிகாரிக்கு அப்பாவின் குடும்பப் பெயரும் மகனின் குடும்பப் பெயரும் ஒன்றாக இருப்பதுதான் இயல்பு.

நமக்கோ அப்பா பெயர்தான் முதலெழுத்து. அப்பா பாஸ்போர்ட்டில் 'சுப்பிரமணியன் கிருஷ்ணமூர்த்தி', மகன் பாஸ்போர்ட்டில் 'கிருஷ்ணமூர்த்தி செந்தில்' என்று இருக்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடமே காலியாக இருக்கும், அல்லது கல்யாணத்துக்கு முந்தைய அப்பா பெயர் இருக்கும். மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று யாராலும் பார்த்தவுடன் சொல்ல முடியாது.

இதற்கு நான் செய்வது இது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இல்லையென்றால் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ திருத்தம் கேட்க வேண்டும். அதற்கே மாதங்கள் ஆகலாம். அதனால்தான் தை மாதமே தொடங்கச் சொல்கிறேன். அடுத்து, "தமிழ் வழக்கப்படி எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரே முதலெழுத்தாக வரும், இந்த மூவரும் இன்ன உறவு" என்று ஒரே பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் எழுதி, நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாக்கி இணைப்பேன். இதை யாரும் கேட்க மாட்டார்கள். இணைக்காவிட்டால் கேள்வி மட்டும் வரும்.

திருமணச் சான்றிதழ் இன்னொரு தலைவலி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோயிலிலும் வீட்டிலும் நடந்த கல்யாணங்களுக்குப் பதிவு ஏது? பத்திரிகையும் மங்கிய புகைப்படமும்தான் இருக்கும். தமிழ்நாட்டில் கல்யாணப் பதிவு கட்டாயமானது 2009 சட்டத்துக்குப் பிறகுதான். பழைய கல்யாணத்தை இந்து திருமணச் சட்டத்தின் கீழ் இப்போதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். அப்பா அம்மா இருவரும் நேரில் போக வேண்டும், சாட்சிகள் வேண்டும். என் பெற்றோர் கல்யாணமாகி நாற்பது ஆண்டு கழித்துப் பதிந்தார்கள். அன்று அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனார்.

நீண்ட கால விசாவுக்கு இந்தச் சான்றிதழ்களில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் முத்திரை, கேட்டால் பயப்பட வேண்டாம். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அந்த முத்திரையை ஏற்கும் உடன்படிக்கையில் இருக்கின்றன. மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் வழியாக முத்திரை வாங்க வேண்டும். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழ் என்றால் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து இணைக்க வேண்டும்.

மற்ற தாள்கள்: வருகையாளர் விசாவுக்குத் தென்னாப்பிரிக்க உள்துறையின் டி.எச்.ஏ.-84 படிவம், உறவினர், ஓய்வுபெற்றோர் விசாக்களுக்கு டி.எச்.ஏ.-1738. நீண்ட கால விசாவுக்கு மருத்துவச் சான்றும் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் வேண்டும். நன்னடத்தைச் சான்றைப் பாஸ்போர்ட் சேவா வழியாகக் கேட்கலாம். அப்பா வளைகுடாவில் ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் தேவைப்படலாம், அதைத் தொடங்கவே நாள் பிடிக்கும். எல்லாத் தாள்களையும் சென்னையில் விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ் மையத்தில் கொடுக்கலாம், நீண்ட கால விசாவுக்கு நேரில்தான் போக வேண்டும்.

இங்கிருந்து நீங்கள் அனுப்ப வேண்டியவை அழைப்புக் கடிதம், உங்கள் பாஸ்போர்ட் விசா நகல் அல்லது அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு. நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். பணம் கிடையாது. மூலத்தைக் கையில் கொண்டுபோனால் அங்கேயே முத்திரை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். உறுதிமொழிப் பத்திரமும் அங்கேயே எழுதலாம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் போலீஸ் நிலையமா என்று தயங்குவார்கள். இங்கே அது அன்றாட வேலை.

நாள் கணக்கு

விசா ஸ்டிக்கரில் இருக்கும் தேதியைக் கடைசி நாள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எந்தத் தேதிக்குள் உள்ளே நுழைய வேண்டும் என்பது வேறு, நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள். விமான நிலையத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டில் போடும் முத்திரையில் ஒரு தேதி இருக்கும். உங்களைக் கட்டுப்படுத்துவது அதுதான். கவுண்டரை விட்டு நகரும் முன்பே அதைப் பார்க்கும்படி அப்பாவிடம் சொல்லி அனுப்புங்கள். 90 நாள் விசாவுக்குத் தவறுதலாக 30 நாள் முத்திரை விழுந்திருந்தால் அங்கேயே, அப்போதே பணிவாகச் சொல்லித் திருத்த வேண்டும். வெளியே வந்துவிட்டால் கஷ்டம்.

90 நாள் என்றால் மூன்று மாதம் இல்லை. ஏப்ரல் 10 இறங்கினால் அன்றே முதல் நாள். தொண்ணூறாவது நாள் ஜூலை 8. "மூணு மாசம்தானே" என்று ஜூலை 10-க்கு டிக்கெட் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள்தானே என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. 30 நாளுக்குள் மிகுதியாகத் தங்கினாலும் 12 மாதம் திரும்பி வர முடியாது. 24 மாதத்துக்குள் இரண்டாம் முறை அப்படிச் செய்தால் இரண்டு ஆண்டு. 30 நாளைத் தாண்டினால் ஐந்து ஆண்டு. புறப்படும் நாளில் விமான நிலையத்திலேயே தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மேல்முறையீட்டுக்குப் பத்து வேலை நாள் உண்டு. ஆனால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு விமானம் ஏறும் எழுபது வயதுப் பெரியவரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். டிக்கெட்டை எண்பத்தைந்தாவது நாளுக்குப் போடுங்கள்.

மொசாம்பிக், எஸ்வாட்டினி, லெசோத்தோ எல்லையைத் தொட்டுவிட்டு வந்தால் புதிதாக 90 நாள் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கிடைக்காது. விசா ஒரே நுழைவுக்கானது என்றால் திரும்பி உள்ளே வரவே முடியாமல் போகும்.

நீட்டிப்புக் கேட்பது

வருகையாளர் விசாவை நீட்டிக்க, அது முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 30 நாளுக்கும் குறைவான விசாவுக்கு ஏழு வேலை நாள். 90 நாள் விசாக்காரருக்கு இதன் பொருள், வந்து இறங்கிய முப்பது நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதே. மேலே சொன்ன ஏப்ரல் 10 கணக்கில் மே 9 கடைசி நாள். நான் முதல் முறை கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். இப்போதெல்லாம் பெற்றோர் டர்பன் வருவதற்கு முன்பே வி.எஃப்.எஸ் மையத்தில் இரண்டாம் வாரத்துக்கு நேரம் பதிவு செய்துவிடுவேன்.

டி.எச்.ஏ.-1739 படிவம், நீட்டிப்புக்கான காரணம் சொல்லும் கடிதம், செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்குச் சான்று, புதிய திரும்பும் டிக்கெட். காரணத்தை உண்மையாக எழுதுங்கள். பேரக்குழந்தையோடு இருக்க விரும்புகிறோம், ஊரில் கோடை கடுமை, இன்ன தேதியில் திரும்புகிறோம். இவ்வளவு போதும். கிடைத்தால் கடைசி நாள் அக்டோபர் 6 வரை போகலாம். பதில் தாமதமாகலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், புறப்படும்போதும் அது அவர்கள் கைப்பையில் இருக்க வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை நாடே விடுமுறையில் இருக்கும். அந்தச் சமயத்தில் நீட்டிப்புத் தேவைப்படாத மாதிரி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

வழியும் மருந்தும் ஓய்வூதியமும்

சென்னையிலிருந்து டர்பனுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழி வந்தால் கவலையில்லை. அடிஸ் அபாபா, நைரோபி போன்ற மஞ்சள் காய்ச்சல் பகுதிகளின் வழியாக மலிவு டிக்கெட் எடுத்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அந்த ஊசி போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சில நோய்கள் இருக்கும் பெரியவர்களுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் மருத்துவர் யோசித்துத்தான் போடச் சொல்வார். அதனால் பெற்றோருக்கு நான் துபாய் அல்லது தோஹா வழிதான் எடுப்பேன். மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய்க்காக அவர்களைச் சிரமப்படுத்த எனக்கு மனமில்லை.

மருத்துவக் காப்பீட்டை இந்தியாவிலேயே வாங்குங்கள். நீட்டிப்பையும் சேர்த்து மொத்த நாளுக்கும் வாங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இங்கே தனியார் மருத்துவமனையில் சேர்க்கும்போதே பெருந்தொகை முன்பணம் கேட்பார்கள். மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். கருவேப்பிலைக் கன்று, விதை, நெய், தேன் எதுவும் வேண்டாம். கருவேப்பிலை டர்பனில் வீட்டுக்கு வீடு மரமாகவே நிற்கிறது.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அப்போது இங்கே இருந்தால் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இங்கே ரோமிங்கில் வேலை செய்கிறதா என்று ஊரிலேயே சோதித்துவிடுங்கள். முடியாவிட்டால் டர்பனில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

இறங்கும் நாளும் ஏறும் நாளும்

டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையம் சிறியது. கூட்டம் குறைவு. ஆனால் ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்தால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், வரிசை நீளமாக இருக்கும், சக்கர நாற்காலி உதவி முன்பே கேட்டுவிடுங்கள். அழைப்புக் கடிதம், உங்கள் முகவரி, தொலைபேசி எண், திரும்பும் டிக்கெட், காப்பீட்டுத் தாள் ஐந்தையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். "எதற்கு வந்தீர்கள்?" என்றால் "மகளைப் பார்க்க", "எத்தனை நாள்?" என்றால் விசாவில் உள்ள நாள். ஆங்கிலத்தில் இந்த இரண்டு பதிலையும் அம்மாவோடு தொலைபேசியில் நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் முறை வந்தபோது அவரே அதிகாரியிடம் பேசிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முத்திரைப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். திரும்பிப் போகும் நாளில் வெளியேறும் முத்திரை விழுந்ததும் அந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் போன முறை குறித்த நாளில் திரும்பினார்கள் என்று காட்ட அந்த இரண்டு படங்களும் வேண்டும்.